சென்சாரின் காதை அடைக்கப் போனவன்

இந்தக் கதை என்னிடம் வருவதற்குள் இரண்டு வாய் மாறியிருக்கிறது. கேட்டபடியே சொல்கிறேன்.

கோவையில் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் டியூனிங் செய்யும் பட்டறை ஜமீலாவுடையது. நல்லசிவன் அவரிடம் தொழில் பழகியவன். மறுநாள் பந்தயத்தில் ஐரின் ஓட்டவேண்டிய கார் அன்று அவன் பொறுப்பில் இருந்தது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் கார் சீறிக் கிளம்பும். அடுத்த நொடியே சுணங்கிவிடும். காலையிலிருந்து அவன் அதைத் திட்டிக்கொண்டே இருந்தான்.

மத்தியானம் ஜமீலா வந்தார்.

"அக்கா, எல்லாம் இந்த நாக் சென்சார்ச் சனியன் பண்ற வேலைங்க. எஞ்சினுக்குள்ள என்ன தட்டினாலும் பயந்துக்குது. உடனே கம்ப்யூட்டர் பவரைக் குறைச்சிடுது. அதோட காதை அடைச்சிட்டா வண்டி பறக்குமுங்க."

"அடைச்சிட்டியா?"

"லேப்டாப்ல ஒரு தட்டுத்தானுங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டியே, மகராசனா இரு. ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழட்டு."

கழற்றி வரிசையாக வைத்தான். ஜமீலா மூன்றாவதை எடுத்து டார்ச் அடித்தார். வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது.

"என்ன இது?"

நல்லசிவன் உற்றுப் பார்த்தான்.

"அலுமினியமுங்க்கா. பிஸ்டன் உருகித் தெறிச்சிருக்கு."

"அப்ப சென்சார் பயந்தது?"

"நிஜமான தட்டலுக்குத்தானுங்க."

அந்த பிளக் இருந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரில் பாதி அடைப்பு. பெட்ரோல் போதாமல் அந்த சிலிண்டர் மட்டும் கொதித்து, உள்ளே கண்டபடி வெடித்துத் தட்டியிருந்தது. உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார்கள். பிஸ்டனில் ஊசி குத்தியதுபோல் சில தடங்கள்; விரிசல் இல்லை. புது இன்ஜெக்டர் மாட்டியதும் கார் சுணங்காமல் இழுத்தது.

நல்லசிவன் பழைய இன்ஜெக்டரைக் கையில் எடுத்தான்.

"சென்சார் காதை அடைச்சு அனுப்பியிருந்தா நாளைக்கு ஐரின் முழு வேகத்துல போறப்ப எஞ்சின் சிதறியிருக்குமுங்க. என்ன சொல்றதுன்னே தெரியலைங்க்கா. நீங்க காப்பாத்திட்டீங்க."

ஜமீலா கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏப்பா, நான் வந்ததே மத்தியானம். காலையிலிருந்து உன்கிட்டத் திட்டு வாங்கிட்டே இதைக் காப்பாத்திட்டிருந்தது யாரு?"

நல்லசிவன் லேப்டாப்பை மூடிவைத்தான்.

ஐரின் முதலாவதாக வந்ததாக எனக்குச் சொன்னவர் சொன்னார். பந்தய முடிவுகளைத் தேடிப் பார்த்தேன். நான்காவது. கார் கடைசிச் சுற்றுவரை ஓடியிருக்கிறது.