உச்சிப்பொழுதுல குரைச்ச கருப்பட்டி

ஒரே ஒரு ஊரு. ஊருக்கு மேற்க ஒரு கண்மாய், கிழக்க கண்ணுக்கு எட்டுற வரைக்கும் உப்பளம். அந்த ஊருல ஆவுடைன்னு ஒருத்தி இருந்தாளாம். கட்டினவன் போய்ச் சேர்ந்துட்டான், பிள்ளை குட்டியும் கிடையாது, இருந்தது ஒரு நாய்தான். உப்பு அம்பாரத்துக்குப் பின்னால குட்டியாக் கிடந்து கத்துனத முந்தானையில சுருட்டிக் கொண்டாந்து வளர்த்தா. கருப்பட்டி நிறம், அதனால பேரும் கருப்பட்டி. அவ சாப்பிட்டா அது சாப்பிடும், அவ படுத்தா அது படுக்கும். அந்த நாய் இல்லன்னா சாயங்காலம் வீடு திரும்பி வர்றதுக்கே அவளுக்கு ஒரு காரணம் இல்ல. இத மனசுல வச்சுக்கோங்க, பிள்ளைகளா.

அந்த ஊருல ஒரு வழக்கம் உண்டு. வாசல்ல யாரு கூப்பிட்டாலும் முதல் குரலுக்கு ஏன்னு கேக்கக் கூடாது. ரெண்டாவது குரலுக்கும் கேக்கக் கூடாது. மூணாவது குரல் வந்தாத்தான் எழுந்து போய்க் கதவத் திறக்கணும். ஏன்னா பேய்க்கு ரெண்டு குரல்தானாம், மூணாவது குரல் மனுஷருக்கு மட்டும்தானாம். நீங்க என்னைய மூணு தடவை கூப்பிட வச்சா முதுகு பழுத்துரும், அது வேற.

முந்தின கோடையில உப்பு வாங்க வந்த அசலூர்க்காரி ஒருத்தி, உச்சி வெயில்ல ஆவுடை தெருவுலயே விழுந்து செத்துப்போனா. உப்புக் கூடை தலைமாட்டுல கவுந்து கிடக்கு, உதடு வெடிச்சு வெளுத்துக் கிடக்கு. ஒரு வாய் தண்ணி கேட்டிருந்தா யாரு இல்லைன்னிருப்பான்னு ஊரே உச்சுக்கொட்டுச்சு. ஆவுடைக்குப் பக்கத்து வீட்டு வடிவு மட்டும் வாயத் திறக்கல. அதுக்கு மறுநாள்தான் கருப்பட்டி குரைக்க ஆரம்பிச்சுது.

ஆவுடை விடியமுன்ன உப்பளத்துக்குப் போனா பொழுது சாயத்தான் வருவா. அவ இருக்கிறப்ப நாய் வாயத் திறக்காது. அவ போன பிறகு, சூரியன் தலைக்கு நேரா வந்ததும் ஆரம்பிக்குமாம். இந்த வடிவு இருக்காளே, மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் பாய விரிச்சாள்னா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. அவளையே எழுப்பி விட்டுருதுன்னா அது எப்பேர்ப்பட்ட குரைப்பா இருக்கும்! பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு வடிவு ஊர்த்தலைவர்கிட்டப் போய் நின்னா. அவரு ஆவுடையக் கூப்பிட்டு, குரைக்கிற நாய் கடிக்காதுதான், ஆனா உறங்கவும் விடமாட்டேங்குதே ஆத்தா, மூணு நாள் தர்றேன், அதுக்குள்ள அடக்கு, அடங்கலன்னா கண்மாய்க்கு அந்தப்பக்கம் காட்டுல கொண்டு போய் விட்டுரணும்னுட்டாரு. 

முதல் நாள், பாவம் பசியிலதான் குரைக்குதோன்னு ஒரு ஆட்டுக்கால் எலும்ப வாங்கிப் போட்டுட்டுப் போனா. சாயங்காலம் வந்து பாத்தா எலும்புல எறும்பு மொய்க்குது. வடிவு வாசல்ல நின்னு, "ஆவுடை, ஒன் நாய் இன்னைக்கும் என் உறக்கத்தத் தின்னுருச்சு"ன்னா.

ரெண்டாம் நாள், என்னையத் தேடித்தான் குரைக்குதோன்னு தன் பழஞ்சேலைய, வேர்வ வாசம் போகாம, அது படுக்குற இடத்துல விரிச்சுட்டுப் போனா. நாய் அந்தச் சேலை மேலயே உக்காந்து குரைச்சுதாம். "ஆவுடை, ஒன் நாய் இன்னைக்கும் என் உறக்கத்தத் தின்னுருச்சு"ன்னா வடிவு.

மூணாம் நாள், விடியமுன்ன எந்திரிச்சு கண்மாய மூணு சுத்து ஓட விட்டா. நாய்க்கு நாக்குத் தொங்கிப்போச்சு, இன்னைக்கு அடிச்சுப் போட்ட மாதிரி உறங்கும்னு நினைச்சுக்கிட்டுப் போனா. எங்க உறங்குச்சு? "ஆவுடை, ஒன் நாய் இன்னைக்கும் என் உறக்கத்தத் தின்னுருச்சு. நாளைக்குப் பொழுது சாய அது காட்டுல இருக்கணும்"னு சொல்லிட்டு வடிவு கதவச் சாத்திக்கிட்டா.

நாலாம் நாள் ஆவுடை அழுதுக்கிட்டே உப்பு வாருனா. வாரிக்கிட்டே இருந்தவளுக்கு ஒரு யோசனை தட்டுச்சு. என்னையத் தேடிக் குரைக்கிற நாய் நான் படி இறங்குனதுமே குரைக்கணுமே, ஏன் உச்சிப்பொழுதுல மட்டும் குரைக்குது? அது எதையோ பாக்குது. அப்படி நினைச்சதும் உப்பு வாருற பலகைய அப்படியே போட்டுட்டு வெயில்ல ஓடி வந்தா.

தெருவுக்குள்ள காலெடுத்து வச்சா, சத்தமே இல்ல. காக்கா இல்ல, கோழி இல்ல, வேப்பிலை கூட அசையல. முக்கியமா, நாய்ச் சத்தம் இல்ல. பதறிப்போய் முற்றத்தப் பாத்தா, கருப்பட்டி வாயப் பனை நாரால இறுக்கிக் கட்டிப் போட்டிருக்கு! பக்கத்துல ஒரு கருவாட்டுத் துண்டு. அதக் காட்டித்தான் வடிவு நாய மடக்கியிருக்கா. ஒரு நாள் பொறுக்கக் கூடாதா அந்தச் சண்டாளிக்கு? நாய் ஆவுடையத் திரும்பிக்கூடப் பாக்கல. முடியெல்லாம் சிலிர்த்துப்போய், வடிவு வீட்டு வாசலையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

ஆவுடையும் பாத்தா.

வடிவு வாசல்ல ஒரு பொம்பள, தலையில உப்புக்கூடையோட நிக்கிறா. உச்சி வெயில்ல நமக்கெல்லாம் நிழலு காலடியிலயாவது ஒட்டிக் கிடக்கும், இல்லியா? அவளுக்கு அதுவும் இல்ல. உதடு வெடிச்சு, வெடிப்புல உப்புப் பூத்திருக்கு.

"வடிவு, ஒரு வாய் தண்ணி."

காஞ்ச பனையோலை உரசுற மாதிரி ஒரு குரல். உள்ள இருந்து வடிவு முணுமுணுக்கிறது கேட்டுச்சு: "ஒண்ணு."

"வடிவு, ஒரு வாய் தண்ணி."

"ரெண்டு. அன்னைக்கும் ரெண்டோட நின்னுருச்சு, இன்னைக்கும் நின்னுரும்"னு சொல்லிக்கிட்டே வடிவு புரண்டு படுத்தா.

அப்பத்தான் ஆவுடைக்கு எல்லாம் விளங்குச்சு. அந்த அசலூர்க்காரி அன்னைக்கும் இதே வாசல்லதான் கேட்டிருக்கா. ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கா. வடிவு மூணாவது குரலுக்காகப் பாயில படுத்து எண்ணிக்கிட்டு இருந்திருக்கா. மூணாவது குரல் கொடுக்க அந்த அசலூர்க்காரிக்கு உசுரு இல்ல. தினமும் உச்சிப்பொழுதுல அவ வந்து கேக்குறா, அந்தக் குரல் வடிவு காதுல விழாம இந்த வாயில்லா ஜீவன் குரைச்சுக் குரைச்சு மூடியிருக்கு. யாரு உறக்கத்தக் கெடுத்துச்சோ அவளுக்கே காவல் இருந்திருக்கு!

 எப்படியாவது வடிவத் தடுக்கணும்னு ஆவுடை, "வடிவக்கா, கதவத் திறக்காத"ன்னு சொல்ல வாயெடுத்தா. வடிவக்கான்னது மட்டும்தான் வெளிய வந்துச்சு.

"மூணு. மனுஷக் குரல்தான். இந்தா வாறேன்"னு உள்ள இருந்து வடிவு குரல் கொடுத்தா. கதவும் திறந்துச்சு.

உப்புக்கூடைக்காரி குனிஞ்சு உள்ள போனா. ஒரு அலறல் இல்ல, ஒரு பாத்திரம் உருளல. ஆவுடை பனை நார அவுத்து விட்டா, நாய் குரைக்கல. கொஞ்ச நேரத்துல உப்புக்கூடைக்காரி வெளிய வந்தா. உதடு நனைஞ்சிருந்துச்சு, கழுத்து வழியா தண்ணி சொட்டுச்சு. ஆவுடையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டா. அப்புறம் உப்பளத்துப் பக்கம் நடந்து போனா, போனா, வெள்ளையோட வெள்ளையா மறைஞ்சே போயிட்டா.

வடிவு அடுப்படியில உக்காந்திருந்தா. பக்கத்துல பானை வத்திக் கிடக்கு. வாய் அசையுது, பேச்சு வரல. ஆவுடை தன் வீட்டுல இருந்து ஒரு சொம்பு தண்ணி கொடுத்தா, குடிச்சா. ரெண்டாவது சொம்பு கொடுத்தா, குடிச்சா. மூணாவது சொம்பும் குடிச்சுட்டு வாயத் திறந்தா.

"வள்"ன்னா.

அவ்வளவுதான் பிள்ளைகளா, அதுக்கப்புறம் அவ தொண்டையில வேற பேச்சே வரல. காலையில ஊமை, சாயங்காலம் ஊமை, சூரியன் தலைக்கு நேரா வந்தா மட்டும் வள்வள்னு குரைப்பா. தன் வினை தன்னைச் சுடும்னு ஊரு சொல்லுச்சு. ஆனா ஆவுடைக்கு மனசு கேக்கல, நான் கூப்பிட்டுத்தானே திறந்தான்னு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதனால தினமும் வடிவுக்கு ஒரு குடம் தண்ணி கொண்டு போய் வைப்பா. தன் வாசல்லயும் ஒரு பானை வச்சா, யாரும் கேக்காமலே மொண்டு குடிக்கட்டும்னு. மூணு குரல் எண்ணுற வழக்கத்த ஊரும் விட்டுருச்சு.

ஆவுடை உப்பளத்துக்குப் போகாம வீட்டுல இருந்த ஒரு நாள் உச்சிப்பொழுதுல, அடுத்த தெருவுக்குப் புதுசாக் குடி வந்தவங்க வந்து, ஆவுடை, ஒன் நாய் மதியத்துல எங்கள உறங்க விடமாட்டேங்குதேன்னு குறை சொன்னாங்க. ஆவுடை முற்றத்தக் காட்டுனா. கருப்பட்டி அவ பழஞ்சேலை மேல கால நீட்டிக்கிட்டு நல்லா உறங்கிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்து வீட்டுல இருந்து சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. வந்தவங்க வந்த வழியே திரும்பிப் போயிட்டாங்க.

அதனால தண்ணிக்குக் கூப்பிடுற குரல எண்ணிக்கிட்டுக் கிடக்காதீங்க, முதல் குரலுக்கே எந்திரிங்க. கதை போச்சு உப்பளத்துக்கு, உறக்கம் வரட்டும் உங்க கண்ணுக்கு.