இரு கரைக்கும் மின்சாரம்

யூப்ரடீஸ் நதியோரம் ஓர் ஊர். மேற்குக் கரையில் ஷியாக்கள், கிழக்குக் கரையில் சுன்னிகள், நடுவில் ஒரு பாலம். கோடையின் உச்சத்தில் அங்கே மின்சாரம் போனது. போனது வரவே இல்லை.

மேற்குக் கரைத் தலைவர் தொழுகை முடிந்ததும் சொன்னார்: "நம் மின்சாரத்தைக் கிழக்குக் கரைக்காரன் தின்கிறான்."

அன்று மாலையே மைஸம் கம்பி வெட்டும் கத்திரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். வெல்டிங் வேலை செய்பவன். வீட்டில் அவன் கைக்குழந்தை வெக்கையில் துவண்டு கிடந்தது. தெருவே அவன் பின்னால் திரண்டது. போகிற வழியில் தன் குரு ஷெய்க் ஸல்மானின் வீட்டுக்குள் ஓடினான்.

"ஷெய்க், அவர்கள் வயரை அறுக்கப் போகிறோம். வெற்றிக்குத் துஆ செய்யுங்கள்."

ஷெய்க் செருப்பை மாட்டினார். "நானும் வருகிறேன்."

மைஸமுக்கு நெஞ்சு விம்மியது. குருவை முன்னால் விட்டு நடந்தான்.

பாலத்தின் நடுவே எல்லோரும் நின்றுவிட்டார்கள். எதிரே இன்னொரு கூட்டம். கம்பும் கோடாரியுமாக வந்தது. அதற்கு முன்னால் பக்ர், கிழக்குக் கரைக் கசாப்புக்காரன். யாரோ ஒருவன் குனிந்து கல்லைப் பொறுக்கினான்.

"ஷெய்க், இப்போது என்ன செய்வது?"

"மின்சாரத்தைக் கேட்கத்தானே வந்தாய். கேள்."

மைஸம் தொண்டையைச் செருமினான். "பக்ர், எங்கள் கரண்டை எதற்கு எடுத்தீர்கள்? என் குழந்தை பால்கூடக் குடிக்காமல் கிடக்கிறது."

"நாங்களா? கடையில் இருந்த கறியெல்லாம் நாறிப்போய்ப் புதைத்துவிட்டு வருகிறேன். உங்கள் வயரை அறுக்கத்தான் வந்தோம்."

"எங்களுக்கு இருக்கிறதென்று யார் சொன்னது?"

"எங்கள் தலைவர்."

"எங்களுக்கும் எங்கள் தலைவர்தான் சொன்னார்" என்றான் மைஸம். பிறகு பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு பரவியது. சிரிப்பு அடங்கியபோது இரண்டு கூட்டமும் ஒன்றாக ஆட்சியர் மாளிகையை நோக்கித் திரும்பியிருந்தன. பக்ரின் கை மைஸமின் தோளில் கிடந்தது. இத்தனை குரல்களோடு சேர்ந்து மைஸம் ஒருநாளும் கத்தியதில்லை. மயிர்க்கூச்செறிந்தது.

மாடத்துக்கு ஆட்சியர் வந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கரைத் தலைவர்கள். மூவரில் ஒருவருக்கும் வியர்க்கவில்லை.

"ஒரு கரைக்குத்தான் இன்று கொடுக்க முடியும். எந்தக் கரை என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார் ஆட்சியர்.

"எங்களுக்கு" என்றது ஒரு குரல். "ஏன், எங்களுக்கு" என்றது இன்னொன்று. பக்ரின் கை தோளிலிருந்து நழுவியது.

மைஸமின் கண் முன்னால் குழந்தையின் முகம் வந்து நின்றது. ஷெய்க்கைப் பார்த்தான்.

"அவர்களுக்கே கொடுங்கள்" என்றான் மைஸம்.

பக்ர் அவனை வெறித்துப் பார்த்தான். பிறகு மாடத்தைப் பார்த்துக் கத்தினான். "வேண்டாம். இவன் வீட்டில் குழந்தை கிடக்கிறது. அவர்களுக்குக் கொடுங்கள்."

ஆட்சியர் தலைவர்களைப் பார்த்தார். தலைவர்கள் தரையைப் பார்த்தார்கள். கீழே கூட்டம் முழுக்க ஒரே முழக்கமாக எழுந்தது: "இரண்டுக்கும் கொடு, இல்லையென்றால் நகர மாட்டோம்."

இருட்டுவதற்குள் இரு கரையிலும் விளக்குகள் எரிந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். மைஸம் வீட்டுக்கு ஓடினான். மின்விசிறிக்கடியில் குழந்தை பால் குடிப்பதைப் பார்த்துவிட்டு, அதே ஓட்டத்தில் ஷெய்க்கிடம் திரும்பி வந்தான்.

"ஷெய்க், ஜெயித்துவிட்டோம், இல்லையா?"

"நாளைக்குத் தலைவர் உன் வீட்டுக்கு வருவார்" என்றார் ஷெய்க். "குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். நம் கரைக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக வாங்கித் தருகிறேன் என்பார். அவரை அனுப்பிவிட்டு வந்து கேள்."