சுடாத சிவப்புப் பட்டன்

அருப்புக்கோட்டையில் சீனியம்மாள் வைத்திருந்த வீடியோ கேம் கடையில் வேலைக்கு மூன்று பேர்: கொப்பையா, சங்கிலி, வெள்ளைப்பாண்டி. மூவரும் அவள் புருஷனின் தம்பிகள் என்பதால் நிறுத்தவும் வழியில்லை. கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

கடையிலிருந்த பழைய கேம்களைப் பிள்ளைகள் ஆடித் தீர்த்துவிட்டார்கள். கூட்டம் குறைந்துபோனது. இந்தக் கோடை லீவுக்கும் ஆள் வரவில்லையென்றால் கடையை மூடவேண்டியதுதான் என்ற நிலைமை. அப்போதுதான் மதுரையிலிருந்து பக்ருதீன் பாய் பீரோ உயரத்துக்கு ஒரு மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார். திரையில் ஒரு சின்ன விண்கப்பல். மேலேயிருந்து கும்பல் கும்பலாக எதிரிகள் வருவார்கள். சுட்டுத் தள்ளிக்கொண்டே போகவேண்டும்.

"ஒரு நாள் வெச்சுப் பாருங்கம்மா. பிடிச்சா வாங்குங்க," என்ற பாய், மூவர் பக்கம் திரும்பினார். "இந்தக் கைப்பிடி கப்பலை நகர்த்தும். இந்தச் சிவப்புப் பட்டன் சுடும். மொத்தம் மூணு உயிர். கடைசியில பாஸ் வரும்." சொல்லிவிட்டு வண்டியேறினார்.

சீனியம்மாள் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஏப்பா, சாயங்காலம் வரைக்கும் ஆடிப் பாருங்க. இதோட பலம் என்ன, பலவீனம் என்னன்னு எழுதி வைங்க. அதைப் பாத்துத்தான் முடிவு."

அவள் தலை மறைந்ததும் கொப்பையா சட்டையைக் கழற்றினான். "முதல்ல பலத்தைப் பாத்துருவோம்."

மூவரும் தோள் கொடுத்து முட்டினார்கள். மிஷின் ஒரு சாண்தான் நகர்ந்தது. 'பலம்: நிறைய இருக்கிறது' என்று சங்கிலி எழுதினான்.

பிறகு ஆட்டம். கைப்பிடியைக் கொப்பையா பிடித்துக்கொண்டான். சிவப்புப் பட்டனை யாரும் தொடவில்லை.

"சுடும்னு சொல்லிட்டுத்தானே போனாரு," என்றான் வெள்ளைப்பாண்டி.

"எவ்வளவு சுடும்?"

"அதைச் சொல்லலையே."

டீக்கடைக்கு ஓடி இடுக்கி வாங்கி வந்தார்கள். இடுக்கியால் பட்டன் அமுங்கவில்லை. கடைசியில் வெள்ளைப்பாண்டி துண்டை நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி பட்டனைத் தொட்டான்.

"சுடவே இல்லடா! ஜில்லுன்னு இருக்கு!"

'பலவீனம்: பட்டன் சுடவில்லை' என்று சங்கிலி எழுதினான். இதற்குள் கப்பல் வெடித்துவிட்டது. திரையின் மூலையில் மூன்று என்றிருந்தது இரண்டானது.

சங்கிலி பேனாவைக் கீழே வைத்தான். "மூணு உயிர்னாரு. நாம மூணு பேரு. ஒண்ணு போயிருச்சு."

"யாரோடது?"

"யாரு ஓட்டுனது?"

எல்லோரும் கொப்பையாவைப் பார்த்தார்கள். அவன் சற்று யோசித்தான். வேறு வழி தெரியவில்லை. பெஞ்சில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். சங்கிலி அவன் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினான். வெள்ளைப்பாண்டி வாய்விட்டு அழுதான். அந்த நேரம் பார்த்து டீ வந்தது.

"கொப்பையாவுக்குக் குடுக்கலாமா?"

"செத்தவன் எப்படிடா குடிப்பான்?"

"படைச்சு வைங்கடா. நானே எடுத்துக்கிறேன்," என்றான் கொப்பையா, கண்ணைத் திறக்காமல்.

அடுத்த ஐந்தே நிமிடத்தில் வெள்ளைப்பாண்டியும் போய்ச் சேர்ந்தான். சங்கிலி தன் உயிரைக் காப்பாற்ற என்னென்னவோ செய்து பார்த்தான். கடைசியில் அவனும் மற்ற இருவருக்கும் நடுவில் வந்து படுத்தான். பெஞ்சில் இடம் போதவில்லை. கொஞ்சம் நகரச் சொல்லிச் சண்டை வந்தது.

கொப்பையாதான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான். "எலேய், மறுபடி மூணு காட்டுது!"

மூவரும் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இப்படியாக மத்தியானத்துக்குள் ஆளுக்குப் பதினோரு தரம் செத்துப் பிழைத்தார்கள். கை பழகியது. எதிரிகள் பொலபொலவென்று உதிர்ந்தார்கள். திடீரென்று பாட்டு மாறி, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு ராட்சசக் கப்பல் இறங்கியது.

"பாஸ் வந்துட்டாருடா!"

மூவரும் மிஷினை விட்டுச் சட்டென்று எழுந்தார்கள். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார்கள். "வணக்கம் சார்," என்றான் சங்கிலி. பாஸ் சுட்டுத் தள்ளிவிட்டார்.

"எந்திரிச்சு நின்னும் சுடுறாரே?"

"நாம அடிச்சதெல்லாம் அவர் ஆளுங்கடா. கோவம் இருக்கும்ல?"

அடுத்த தரம் இன்னும் குனிந்து கும்பிட்டார்கள். பலன் இல்லை.

சாயங்காலம் வந்த சீனியம்மாள் தாளை வாங்கிப் படித்தாள்.

'பலம்: கலர் கண்ணைப் பறிக்கிறது. வெடிச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கிறது. செத்தாலும் உடனே ஆடலாம். கற்றுக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். பலவீனம்: நூறு பேரை எதிர்க்க ஒற்றை ஆளை அனுப்புகிறார்கள். என்ன சண்டை, யார் மேல் தப்பு என்று கடைசி வரை சொல்லவில்லை. பாட்டு நல்ல பாட்டு, ஆனால் ஒரே பாட்டு. பாஸ் மரியாதை தெரியாதவர்.'

"பாஸை யாராவது ஜெயிச்சீங்களா?"

"அவரை எப்படி மதினி எதிர்க்குறது?"

மூன்று ஆம்பிளைகள் ஒரு நாள் முழுக்க ஆடியும் பாஸைத் தாண்டவில்லையென்றால் பிள்ளைகள் எங்கே தாண்டும் என்று சீனியம்மாள் கணக்குப் போட்டாள். பாய்க்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். கொப்பையா பேசினான்.

"சரிப்பா, காலையில வண்டி அனுப்புறேன்," என்றார் பாய். "அதுவரைக்கும் யாரும் இடிக்காம சுவரை ஒட்டி வைங்க."

பக்கத்து ஆசாரியிடம் இரண்டு டப்பா பசை வாங்கி, மிஷினின் முதுகு முழுக்கத் தடவி, பிளைவுட் சுவரோடு அழுத்தி ஒட்டிவைத்துவிட்டுத்தான் மூவரும் வீட்டுக்குப் போனார்கள்.

காலையில் நாலு லோடுமேன்கள் 'ஏலேலோ' என்று இழுத்தார்கள். மிஷின் வந்தது. சுவரும் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சலூன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. முடி வெட்டக் காத்திருந்த இருபது பேர் மிஷினைப் பார்த்தார்கள். அடுத்த நொடி இருபது பேரும் இந்தப் பக்கம் இருந்தார்கள். பாதிச் சவரத்தில் இருந்த ஒரு வாத்தியார், இடது கன்னத்தில் நுரையோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சீனியம்மாள் பார்த்தாள். லோடுமேன்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

கையில் கத்தியோடு தனியாக நின்ற சலூன்காரர், "நாற்காலி சும்மா கிடக்கு. யாராவது வாங்கப்பா," என்று கூப்பிட்டார்.

வெள்ளைப்பாண்டி போய் உட்கார்ந்தான்.

"எப்படிப்பா செய்யணும்?"

வெள்ளைப்பாண்டி கண்ணாடியைப் பார்த்து நிமிர்ந்துகொண்டான். "வாத்தியாருக்கு எந்த இடத்துல விட்டீங்களோ, அங்க இருந்து ஆரம்பிங்கண்ணே."