நடுப்பகல் பாய்லர்

"கணக்கு சரியாத்தான் இருக்கும்மா. கட்டடம்தான் அதன்படி நடக்க மாட்டேங்குது."

பாய்லர் அறை வாசலில் நின்று சொன்னார் வைத்தியலிங்கம்.

மலைமேல் இருந்த அந்த மருத்துவமனையை ஒரு குளிர்காலம் முழுக்கச் சூடாக வைக்க பாய்லருக்கு எவ்வளவு டீசல் வேண்டும் என்று, கணினிக்குள் கட்டடத்தையே எழுப்பி, மணிக்கு மணி ஓட்டிப் பார்த்துச் சொன்னவர் அவர். பிப்ரவரி கடைசிவரை வரும் என்றார். பொங்கலுக்கு முன்பே டாங்க் காலி. பிரசவ வார்டில் மூன்று நாட்கள் தாய்மார்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் பொதிந்து வைத்திருந்தார்கள்.

அதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

பாய்லர் ஆபரேட்டர் பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் ஏறக்குறைய வைத்தியலிங்கத்தின் வயதுதான்.

"பாய்லர் திறன் எவ்வளவுன்னு போட்டீங்க சார்?"

"எண்பத்தஞ்சு. நூறு பங்கு டீசல் சூட்டுல எண்பத்தஞ்சு தண்ணிக்கு வந்துடும். சோதிச்சுப் பார்த்துச் சொன்னதுதான்."

"எப்ப?"

"எப்பன்னா?"

பிலோமினா ஒரு முக்காலியை வெளியே கொண்டுபோய்ப் போட்டார்.

"உக்காருங்க. புகைபோக்கியைப் பாருங்க."

நடுப்பகல். மூடுபனி கட்டடங்களை விழுங்கியிருந்தது. புகைபோக்கி மட்டும் எதன்மேலும் நிற்காமல் மிதந்தது. குளிர் அவ்வளவாக இல்லை. ஒரே ஒரு வார்டில்தான் சூடு கேட்டிருந்தார்கள்.

உள்ளே காற்றாடி சுழன்றது. புகைபோக்கிக்கு மேலே பனி விலகி, வட்டமாகக் கொஞ்சம் நீல வானம் திறந்தது.

"பத்திக்கிச்சா?"

"இன்னும் இல்ல சார். பத்துறதுக்கு முன்னால உள்ளே தங்கின வாயுவை ஊதி வெளியே தள்ளும். ஒவ்வொரு தடவையும்."

பிறகு நெருப்பு உறுமியது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அடங்கிவிட்டது. நீலம் மெல்ல மூடிக்கொண்டது.

மறுபடி காற்றாடி. மறுபடி நீலம். உறுமல். அமைதி.

எத்தனை தடவை என்று வைத்தியலிங்கம் எண்ணவில்லை. பனிக்குள் ஏதோ ஒன்று தூங்கிக்கொண்டே மூச்சு விடுவதுபோல் இருந்தது.

சட்டென்று எழுந்தார்.

"நெருப்பே இல்லாதப்ப பனி எப்படிக் கரையுது?"

"போன தடவை காய்ஞ்ச இரும்பு இருக்கில்ல. ஊதுற காத்து அதோட சூட்டையும் அள்ளிட்டுப் போகுது."

"பிள்ளைங்களுக்குப் போக வேண்டியது" என்றார். குரல் இறங்கிவிட்டது.



வைத்தியலிங்கம் அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் போன் போட்டார். "பெரிய பாய்லர் வாங்கச் சொல்லி எழுதினேனே, நிறுத்துங்க. அது இன்னும் சீக்கிரமா அணைஞ்சு அணைஞ்சு எரியும்."

மடிக்கணினியைத் திறந்து, நிற்காமல் எரியும்போது மட்டும் சரியாக வரும் அந்த எண்பத்தைந்தை அழித்தார்.

"இங்க என்ன போடட்டும்மா?"

"இப்ப மணி என்ன?"

"பன்னெண்டரை."

"பன்னெண்டரைக்கு உள்ளதைப் போடுங்க."

"விடியக்காலைக்கு?"

"போர்வை கொண்டுவாங்க. முக்காலி இங்கேயே இருக்கும்" என்றார் பிலோமினா.