பாதிக் கிராப்பு

கட்டுரையாளர் திலகவதிக்கு நாற்பது வயது. அவரிடம் இலக்கியம் கற்க வந்த சதாசிவம், அதே ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயதில் மூத்தவரானாலும் திலகவதியை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. அருமையாக எழுதுகிற அம்மா ஊர்வலம், உண்ணாவிரதம் என்று அலைகிறாரே. ஒருநாள் கேட்டே விட்டார்.

"இலக்கியவாதிக்கு அரசியல் எதுக்கும்மா?"

"முடி காதை மூடுது சார். முதல்ல போய் வெட்டிக்கிட்டு வாங்க."

அங்கே பேசிக்கொண்டிருந்த வாசகர் இருளப்பனையும் கூடப் போகச் சொன்னார். இருளப்பன் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

சலூன்காரர் தர்மலிங்கம் சதாசிவத்துக்கு ஒரு பக்கம் வெட்டி முடித்தபோதுதான் பெஞ்சில் இருந்த இருளப்பனைக் கவனித்தார். கத்தரி நின்றது. காலனிக்காரர்களுக்கு அந்தக் கடையில் வெட்டுவதில்லை. தனக்கு ஒன்றுமில்லை என்றும், வெட்டினால் மேலத்தெருக்காரர்கள் கடைப்பக்கமே வரமாட்டார்கள் என்றும் தணிந்த குரலில் சொன்னார்.

"நீங்க முடிச்சுட்டு வாங்க சார். நான் வெளியில நிக்கிறேன்," என்று இருளப்பன் எழுந்தார்.

சதாசிவம் எத்தனையோ வருஷமாக உட்கார்ந்த நாற்காலி அது. இந்தக் கடைக்கு யார் வருவதில்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு அவரும் வெளியே வந்தார்.

பாதித் தலையோடு கடைவீதியில் நடந்தால் ஊர் சும்மா விடுமா? எதிர்ப்பட்டவர்களெல்லாம் என்ன சார் இது என்று கேட்டார்கள். அவரும் நடந்ததைச் சொன்னார். முதலில் செந்தமிழில் நீட்டி முழக்கினார், கேட்டவர்கள் நழுவினார்கள். நாளாக நாளாக அலங்காரமெல்லாம் உதிர்ந்தது. நாலே வாக்கியம். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு தலைகுனிந்தார்கள். சிலர் முறைத்துவிட்டும் போனார்கள். வீட்டில் மனைவி துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போனாள்.

அவரிடம் படித்த மேலத்தெருப் பிள்ளைகள் முடிவெட்டிக்கொள்வதை நிறுத்தினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக இருளப்பனையும் சதாசிவத்தையும் அழைத்துக்கொண்டு சலூனுக்குப் போனார்கள். "முதல்ல அண்ணனுக்கு," என்றார்கள். தர்மலிங்கம் அவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அடுத்து உட்கார்ந்த சதாசிவம், முழுக் கிராப்போடு திலகவதியைப் பார்க்கப் போனார்.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"சொல்றேன் சார். இவ்வளவு நாளா கடைவீதியில நீங்க பேசினீங்களே, அது அரசியலா இலக்கியமா?"

சதாசிவம் கிராப்பைத் தடவிக்கொண்டு சிரித்தார்.