காய்ச்சல் வீடும் வேலாத்தாளும்

ஊரெங்கும் காய்ச்சல். ஓயாமல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த வேலாத்தாளை அரண்மனைக்கு இழுத்து வந்தார்கள்.

“காவலர்கள் காய்ச்சல் கண்ட வீடுகளைச் சொன்னார்கள். தெருக்காரர்கள் இவள் போன வீடுகளைச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றேதான், அரசே. காய்ச்சலைப் பரப்புவது இவள்தான். நாடு கடத்துங்கள்,” என்றார் அமைச்சர்.

வேலாத்தாள் சலிப்போடு அரசரைப் பார்த்தாள். “சாமி, உங்களுக்குக் கோபம் வரும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பது யார்?”

“நம் அமைச்சர்தான்.”

“அப்படியானால் கோபமூட்டுவது அவர்தானோ?”

அமைச்சர் பதறினார். “அபாண்டம், அரசே. கோபம் வந்த பிறகுதானே என்னைக் கூப்பிடுகிறார்கள்? அதைத் தணிக்கத்தானே நான் வருகிறேன்?”

“நானும் அப்படித்தான் சாமி,” என்றாள் வேலாத்தாள். “போகட்டுமா? கஷாயத்துக்கு நாலு பேர் காத்துக் கிடக்கிறார்கள்.”

அரசர் அவளைப் பல்லக்கில் அனுப்பிவைத்தார். அது அமைச்சருடைய பல்லக்கு.