அட்ஜஸ்ட்டுக்கு அர்த்தம்

ஜவுளிக்கடையில் காலை முதல் நின்றபடியே சேலை விரித்துக் காட்டிய செங்கமலத்துக்குக் கால் வீங்கிவிட்டது. உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள்.

மெத்தை நாற்காலியில் சாய்ந்திருந்த முதலாளி தெய்வநாயகம், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா," என்றார். சேலை பார்க்க வந்தவர்கள் முன்னால் தன் இங்கிலீஷைக் காட்ட நினைத்து, "அதுக்கு அர்த்தம் தெரியுமா? சரியாச் சொல்லு, ஸ்டூல் தர்றேன்," என்று சிரித்தார்.

"இன்னைக்கு இதோட ஏழு தடவை என் காதுல விழுந்துருச்சு, முதலாளி. சொல்றவங்க உக்காந்திருப்பாங்க. காதுல வாங்குறவங்க நிப்பாங்க. அதான் அர்த்தம்."

"தப்பு," என்று முதலாளி விருட்டென எழுந்தார்.

செங்கமலம் அந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, முதலாளி."

கடையே சிரித்தது. நின்றுகொண்டிருந்த முதலாளிக்கும் அர்த்தம் விளங்கியது. மறுநாள் பதினோரு ஸ்டூல்கள் வந்து இறங்கின. அங்கே வேலை பார்த்த பெண்களும் பதினோரு பேர்தான்.